எல்என் 85 பிக்கப், 50க்கு மேல ஓடேக்க கீழயிருந்து உறுமுது. டிபரன்சலோ கியர் பொக்ஸோ?

முத்தையன்கட்டான்:

அண்ணாமாருக்கு வணக்கம். என்னட்ட ஒரு பழைய ஹைலக்ஸ் நிக்குது, எல்என் 85, 92ம் ஆண்டு மொடல், சிங்கிள் கப், 2எல் எண்ட ரக டீசல் எஞ்சின், அஞ்சு கியர், பின் சில்லு மட்டும் தான் இழுக்கும், ஃபோர் வீல் இல்லை. அப்பா எடுத்த வாகனம். நெல்லு, பசளை எண்டு என்ர அலுவல் எல்லாம் இப்ப அதில தான். வித்துப்போட்டு வேற எடு எண்டு கன பேர் சொல்லுகினம், இண்டைய விலைக்கு வேற எடுக்கிற கதை எங்க, திருத்தி ஓடுறது தான் எனக்கு வழி.

பிரச்சினை ஒரு சத்தம். வீட்டில இருந்து ஒட்டுசுட்டான் மட்டும் வாற கிறவல் றோட்டில ஒண்டும் தெரியாது. ஏ34 றோட்டில ஏறி மாங்குளம் பக்கம் திரும்பி 50 பிடிச்ச உடன கீழயிருந்து ஒரு உறுமல் துவங்கும். அரைக்கிற மில்லுக்குப் பக்கத்தில நிக்கிற மாதிரி ஊஊம் எண்டு ஒரே சீரா வரும், கால் வைக்கிற தட்டு அதிரும், கியர் தடியும் மெல்ல நடுங்கும். 65 தாண்ட கொஞ்சம் குறையுது, ஆனா அதுக்கு மேல நான் பெரிசா ஓட்டிறேல்ல.

இன்னும் இருக்கு. மூட்டை ஏத்தி நிண்ட இடத்தில இருந்து எடுக்கேக்க சீற்றுக்குக் கீழ டகடகடக எண்டு ஒரு உதறல், ரெண்டாம் கியர் விழ நிண்டிடும். அக்சிலேற்றரில இருந்து காலை எடுத்துப் பேந்து வைக்கேக்க எங்கயோ டங் எண்டு ஒரு அடி. பின்னுக்கு எடுக்கேக்க கீச் கீச் எண்டும் கேக்குது, அது எல்லா நாளும் இல்லை, காலமை எடுத்த உடன கூட.

ஒரு கராச்சில காட்ட அவர் சும்மா ஒரு சுத்து ஓடிப் பார்த்துப்போட்டு, பின் அச்சில இழுவையைச் சில்லுக்குப் பிரிச்சுக் குடுக்கிற டிபரன்சல் முடிஞ்சுது, வேற தேடுங்கோ எண்டார். இன்னொருத்தர் கியர் பொக்ஸ் இறக்கோணும் எண்டார். ரெண்டு பேரும் வாகனத்துக்குக் கீழ பூந்து பார்க்கேல்ல. காலபோக நெல்லு வெட்டு வருது, அந்த நேரம் வாகனம் கராச்சில நிண்டால் எனக்கு ஏலாது. அனுபவம் உள்ள ஆக்கள் ஆரும் சொல்லுங்கோ, எங்க இருந்து பாக்கத் துவங்கிறது?

பரந்தன் பொடியன்:

அண்ணை உது டிபரன்சல் தான், யோசிக்கவே தேவையில்ல. எங்கட மாமான்ர பிக்கப்பும் உப்பிடித்தான் ஊதினது, ஜப்பான் செகண்ட் ஹான்ட் டிபரன்சல் ஒண்டு கொழும்பில பஞ்சிகாவத்தையில எடுத்துப் போட்டவர், சத்தம் போயிட்டுது. கியர் பொக்ஸ் எண்டால் கியர் விழேக்க கடிக்கும், உங்களுக்கு கியர் நல்லா விழுது தானே. மினைக்கெடாமல் டிபரன்சலை மாத்துங்கோ.

பழைய ஸ்பனர்:

தம்பி முத்தையன்கட்டு, ஒண்டையும் கழட்டாதேங்கோ, வாங்கவும் வேண்டாம். ஓடுற வாகனத்தில டிபரன்சல் சத்தம், கியர் பொக்ஸ் சத்தம், டிபரன்சலுக்கு இழுவை கொண்டுபோற புறொப்பெல்லர் சாப்ட் சத்தம், சில்லுப் பெயரிங் சத்தம், தேஞ்ச டயர்ச் சத்தம் எல்லாம் சீற்றில இருக்கிற ஆளுக்கு ஒண்டு போலத்தான் கேக்கும், சேசி எல்லாத்தையும் கொண்டந்து காலடியில தரும். அதால காதை நம்பி முடிவெடுக்கேலாது. அந்தச் சத்தம் எதோட சேர்ந்து கூடிக் குறையுது எண்டு பிரிச்சுப் பாக்கோணும், எஞ்சின்ர சுத்தோடயோ, போட்டிருக்கிற கியரோடயோ, வாகனம் போற வேகத்தோடயோ. அதுக்கு ஒரு சதமும் செலவில்லை.

முதல் வாகனத்தை நிப்பாட்டி, எஞ்சின் ஓட, நியூட்ரலில விட்டு, கிளச்சில இருந்து காலை எடுத்துப்போட்டுக் கேளுங்கோ. அந்த நேரம் கியர் பொக்சுக்கு உள்ள எஞ்சின்ர இழுவை வாற இன்புட் சாப்டும் அதோட பல்லுச் சேர்ந்து சுத்துற கவுண்டர் சாப்டும் சுத்திக்கொண்டு தான் இருக்கும். அதில கறகற எண்டு கேட்டு கிளச்சை அமத்த நிண்டால் கியர் பொக்ஸ் பெயரிங்கை யோசிக்கலாம். மாறி, அமத்தேக்க மட்டும் கேட்டால் கிளச்சை விடுவிக்கிற றிலீஸ் பெயரிங். கியரைப் போட்டு கிளச்சை முழுசா அமத்தி வைச்சிருக்கேக்க மட்டும் கீச்சிட்டால் பிளைவீல் நடுவில இருக்கிற சின்ன பைலட் பெயரிங், ஏனெண்டால் அப்ப தான் இன்புட் சாப்ட் நிக்க பிளைவீல் தனிய சுத்தும்.

இனி ஓட்டம். ஏ9ல ஆக்கள் குறைஞ்ச நேரமாப் பார்த்து, மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில நல்ல நேர் றோட்டு கிடக்கு தானே, 60க்கு எடுத்து சத்தம் வந்த பிறகு கிளச்சை அமத்தி நியூட்ரலுக்குத் தள்ளி உருள விடுங்கோ, எஞ்சினை மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ, பிறேக்குக்கு வக்யூம் இல்லாமல் போகும். உருளேக்கயும் அதே சத்தம் இருந்தால் எஞ்சினும் கிளச்சும் கணக்கில இல்லை, அதுக்குப் பின்னால சில்லோட சேர்ந்து சுத்துற சாமான் ஒண்டு தான். பேந்து அதே 60ல நாலாம் கியரிலயும் அஞ்சாம் கியரிலயும் மாறி மாறி ஓடிப் பாருங்கோ. உங்கட கியர் பொக்ஸில நாலாம் கியர் நேர் கியர், இழுவை இன்புட்டில இருந்து நேர அவுட்புட்டுக்குப் போகும், கவுண்டர் சாப்ட் பாரமில்லாமல் சும்மா சுத்தும். மற்ற எல்லாக் கியரிலயும் கத்தி நாலில மட்டும் அடங்கினால் கவுண்டர் சாப்ட் பெயரிங் தான் எண்டு கையெழுத்து வைச்சுத் தரலாம். ரெண்டிலயும் ஒரே சத்தம் எண்டால் கியர் பொக்ஸ் இறக்கச் சொன்ன ஆளுக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்புங்கோ.

டிபரன்சல் எண்டால் சத்தம் அநேகமா உறுமல் இல்லை, மெல்லிய குரலில ஊளை. அது இழுவைக்கு மாறும். அக்சிலேற்றர் அமத்தேக்க ஊதினால் உள்ளுக்க இருக்கிற பெரிய பல்லுச் சில்லு கிறவுண் வீலும் அதைச் சுத்துற சின்னப் பல்லு பினியனும் சேருற இடம், காலை எடுத்து வாகனம் தானா உருளேக்க ஊதினால் பினியன் பெயரிங் இளகியிருக்கு எண்டு பொதுவாச் சொல்லலாம். கால் வைச்சாலும் எடுத்தாலும் ஒரே உறுமல் எண்டால் டிபரன்சலில சந்தேகம் குறையும்.

இன்னொண்டு, அதிர்வு எவ்வளவு விரைவா வருது எண்டதையும் கவனியுங்கோ. உங்கட சில்லு ஒருக்காச் சுத்த புறொப்பெல்லர் சாப்ட் கிட்டத்தட்ட நாலு தரம் சுத்தும். 60ல சில்லு நிமிசத்துக்கு 500க்குக் கிட்ட எண்டால் சாப்ட் 2000க்குக் கிட்ட. சில்லில பிழை எண்டால் ஸ்டியரிங்கிலயோ இருப்பிலயோ மெதுவா ஆட்டும், எண்ணிப் பிடிக்கலாம். சாப்ட் எண்டால் எண்ணேலாது, தட்டு முழுக்க கூசும். நீங்க சொல்லுற நடுக்கத்தைப் பார்த்தால் எனக்கு ரெண்டாவது தான் மனசில வருது, ஆனா இன்னும் சொல்ல மாட்டன்.

பின் பெட்டியில நம்பிக்கையான ஒராளை இருத்தி ஓடுங்கோ, காதைத் தளத்தோட வைச்சுக் கேக்கச் சொல்லுங்கோ, கப்புக்குக் கிட்டவோ நடுவிலயோ அச்சுக்கு மேலயோ எண்டு சொல்லுவார். சிலர் ஜக்கில தூக்கி கியரில ஓட விட்டு ஸ்குறூட்றைவரைக் காதில வைச்சுக் கேக்கிறவை. செய்யிறதெண்டால் சேசியில தூக்காதேங்கோ, அச்சுக்குக் கீழ ரெண்டு பக்கமும் நல்ல மரக்குத்தி வைச்சு நிப்பாட்டோணும், முன் சில்லுக்கு ரெண்டு பக்கமும் கல்லு. சேசியில தூக்கினால் அச்சு தொங்கும், சாப்டை மடிஞ்சு சுத்த விடுற யூ ஜொயின்ட் கண்டபடி மடியும், அது தன்ர பாட்டில ஒரு சத்தம் போடும், நீங்க இல்லாத வருத்தத்துக்கு மருந்து தேடுவியள். ஓடுற சாப்டுக்குக் கிட்ட சாரத்தோட படுக்கிற பழக்கம் இருந்தால் தயவு செய்து விடுங்கோ.

கடைசியா ஒரு கேள்வி, இதுக்கு உண்மையாப் பதில் சொல்லோணும். இந்தச் சத்தம் துவங்க முதல் கடைசியா வாகனத்துக்குக் கீழ ஆர் என்ன வேலை செய்தவை?

நெடுங்கேணி அக்கா:

தம்பி, ஐயா சொன்ன சோதனை எல்லாம் செய்யுங்கோ, அதோட டிபரன்சல் ஒயிலையும் ஒருக்காப் பாருங்கோ. நான் மரக்கறி ஏத்தி வவுனியாச் சந்தைக்கு ஓடுறனான், என்ர நிசான் பிக்கப்புக்கு வந்த வருத்தம் தான் சொல்லுறன். மாரிக்குக் குளம் நிரம்பி வான் பாயேக்க பாலத்துக்கு மேலால தண்ணி போகும், நாங்களும் அலுவலுக்காக இறக்கி ஏத்திறது தானே. ஓடி வந்த சூட்டோட அச்சு தண்ணிக்க இறங்க உள்ளுக்கு இருக்கிற காத்துக் குளிர்ந்து சுருங்கும், அப்ப மேல இருக்கிற மூச்சுக்குழாய், பிறீதர் எண்டுறது, அது வேலை செய்தால் காத்தை எடுக்கும், மண் அடைச்சுக் கிடந்தால் சீல் பக்கத்தால தண்ணியை உறிஞ்சும். வெளியில ஒண்டும் தெரியாது. எனக்கு வைகாசியில தான் சத்தம் கேட்டது, திறந்தால் பால்தேத்தண்ணி நிறத்தில வடியுது. பெயரிங் துருப்பிடிச்சுப் போச்சு.

பாக்கிறது சுகம். ஆனா ஒண்டு, முதல் மேல இருக்கிற ஊத்துற போல்ட்டைக் கழட்டுங்கோ, அது கழண்டால் மட்டும் கீழ வடிக்கிறதைக் கழட்டுங்கோ. கீழதைத் திறந்து எல்லாத்தையும் ஊத்திப்போட்டு மேல போல்ட் இறுகிக் கிடந்தால் வாகனம் அந்த இடத்திலயே நிக்கவேண்டியது தான். மேல் ஓட்டைக்க சின்ன விரலை மடிச்சு விட ஒயில் விளிம்போட தட்டுப்பட வேணும், தேன் நிறத்திலயோ கறுப்பாவோ இருந்தால் பறுவாயில்லை, வெள்ளை கலந்திருந்தால் தண்ணி. கீழ் போல்ட்டில காந்தம் இருந்தால் அதில சாம்பல் நிறப் பசை கொஞ்சம் பிடிச்சிருக்கும், அது தேய்மானம், பயப்பிடத் தேவையில்லை. செதில் செதிலா இரும்பு இருந்தால் தான் பயம்.

டயரையும் விடாதேங்கோ. பின் டயர் படிக்கட்டுப் போலத் தேஞ்சிருந்தாலும் உப்பிடி ஊதும், ஆனா அது றோட்டு மாறச் சத்தமும் மாறும், கார்ப்பெற் றோட்டில ஒரு குரல், பழைய தார் றோட்டில வேற குரல்.

முத்தையன்கட்டான்:

ஐயாக்கும் அக்காக்கும் நன்றி, உவ்வளவு மினைக்கெட்டு எழுதுவியள் எண்டு நினைக்கேல்ல. மச்சானைக் கூட்டிக்கொண்டு போய்ச் செய்தனான், அவன் பின் பெட்டியில குப்புறக் கிடந்து வந்ததைப் பார்த்து மாங்குளச் சந்தியில சனம் வருத்தக்காரனை ஏத்திக்கொண்டு போறம் எண்டு நினைச்சிருக்கும்.

நிப்பாட்டி வைச்சு நியூட்ரலில ஒண்டும் கேக்கேல்ல, கிளச்சை அமத்தினாலும் இல்லை, கியரைப் போட்டு அமத்தினாலும் இல்லை. ஓட்டத்தில 60ல நியூட்ரலுக்குத் தள்ள சத்தம் அப்பிடியே இருந்துது, வேகம் குறையக் குறைய 45ல இல்லாமல் போயிட்டுது. நாலாம் கியரும் அஞ்சாம் கியரும் ஒரே சத்தம். கால் வைச்சாலும் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனா ஒரு விசயம், காலை எடுத்து உருளேக்க உறுமலுக்கு மேலால வேற ஒரு மெல்லிய ஊளையும் இருக்கு, இதுவரைக்கும் அதை நான் கவனிக்கேல்ல. டயர் நல்லம், றோட்டு மாறினாலும் உறுமல் மாறேல்ல. மச்சான் சொல்லுறான் சத்தம் பெட்டி துவங்கிற இடத்துக்குக் கீழயாம், அச்சுப் பக்கம் அவ்வளவு இல்லையாம்.

டிபரன்சல் மேல் போல்ட் கழட்டினன், ஒயில் மட்டம் சரி, ஆனா நிறம் அக்கா சொன்ன மாதிரி கொஞ்சம் கலங்கல். பிறீதர் மூடி களிமண்ணால பூசின கணக்கு.

ஐயா கேட்ட கேள்வி. கிளச் பிளேட் மாத்தினது, வெளியில ஒரு இடத்தில. கியர் பொக்ஸ் இறக்கித் தானே செய்தவை. அதோட பாரத்துக்கு எண்டு பின் ஸ்பிறிங்கில ஒரு பிளேட் கூடப் போட்டது. அதுக்குப் பிறகு தான் சத்தம், உடன இல்லை, ஆனா பிறகு தான்.

பழைய ஸ்பனர்:

வந்துது பாருங்கோ.

கியர் பொக்ஸ் இறக்கோணும் எண்டால் புறொப்பெல்லர் சாப்ட் கழட்டோணும். உங்கட வாகனத்தில அது ரெண்டு துண்டு. முன் துண்டு கியர் பொக்ஸ் வாலுக்க சொருகி நிக்கும், நடுவில சேசியில தொங்கிற றப்பர் போட்ட சென்ரர் பெயரிங், அதுக்குப் பின்னால முகத்தோட முகம் பொருந்துற நாலு போல்ட் பிளான்ச், பேந்து பின் துண்டு டிபரன்சல் மட்டும். மூண்டு யூ ஜொயின்ட். கழட்ட முதல் ரெண்டு பிளான்சிலயும் வெட்டுளியால ஒரு கோடு இல்லாட்டி பெயின்ற் ஒரு பொட்டு வைக்கோணும், பூட்டேக்க கோட்டுக்குக் கோடு வரோணும். கன இடத்தில அவசரத்தில வைக்கிறேல்ல. நாலு போல்ட் தானே, எப்பிடிப் பிடிச்சாலும் பூட்டுப்படும். ஆனா 180 பாகை மாறிப் பூட்டினால் பலன்ஸ் மாறலாம், 90 பாகை மாறினால் முன் துண்டின்ர ஜொயின்டும் பின் துண்டின்ர ஜொயின்டும் நிக்கிற ஒழுங்கே மாறிப் போகும். யூ ஜொயின்ட் மடிஞ்சு சுத்தேக்க ஒரு சுத்துக்க ரெண்டு தரம் வேகம் கூடிக் குறையும், ஒரு ஜொயின்ட் கூட்டிறதை மற்றது குறைக்கிற மாதிரித் தான் கொம்பனி அதை ஒழுங்கு பண்ணி வைச்சிருக்கு. ஒழுங்கு கெட்டால் அந்தக் குத்து முழுக்க நடுவில நிக்கிற சென்ரர் பெயரிங்குக்குத் தான் போகும், பாவம் அந்த றப்பர். அது கிழிய நாள் எடுக்கும், உங்களுக்கு உடன வராமல் பிறகு வந்தது அதால தான் எண்டு நினைக்கிறன்.

ஸ்பிறிங் பிளேட் கதையும் இதோட சேரும். பிளேட் கூடப் போட்டால் பின் பக்கம் உயரும், வெறும் வாகனத்தில சாப்ட் முந்தியிலும் கூட மடிஞ்சு நிக்கும். பாரம் ஏத்த இறங்கும், அச்சும் இழுவைக்கு முறுகும். நிண்ட இடத்தில இருந்து எடுக்கேக்க டகடக எண்டு உதறுறது சென்ரர் பெயரிங் றப்பர் போன வாகனத்தின்ர சுபாவம், கனக்க விளக்கம் தேவையில்லை.

இனிக் கீழ போங்கோ. மேடு பள்ளமில்லாத இடம், சில்லுக்குக் கட்டை, நியூட்ரல், எஞ்சின் நிப்பாட்டி, எக்சோஸ்ட் ஆறின பிறகு. சென்ரர் பெயரிங்குக்குக் கிட்ட சாப்டை ரெண்டு கையாலயும் பிடிச்சு மேல கீழ ஆட்டுங்கோ. றப்பர் கொஞ்சம் இணங்கும், அது சரி, ஆனா உள் வளையம் தனிய தொங்கினால் இல்லாட்டி டோர்ச் அடிச்சுப் பாக்க வெடிப்புத் தெரிஞ்சால் முடிஞ்சுது. பிறகு ஒவ்வொரு யூ ஜொயின்டுக்கும் இந்தப் பக்கம் ஒரு கை அந்தப் பக்கம் ஒரு கை, எதிரும் புதிருமா முறுக்குங்கோ. ஜொயின்டுக்க ஆட்டம் இருக்கவே கூடாது. சாப்ட் முழுக்கச் சேர்ந்து கொஞ்சம் திரும்பினால் அது டிபரன்சல் பல்லு இடைவெளி, அது இருக்கும். ஜொயின்ட் மூடியைச் சுத்தி குங்குமம் போலச் சிவப்புத் தூள் பூத்திருந்தால் உள்ள கிறீஸ் காஞ்சு ஊசி பெயரிங் துருவாப் போகுது, பின்னுக்கு எடுக்கேக்க கீச் கீச் எண்டுறது அது தான். டங் எண்ட அடியும் அநேகமா அங்க தான்.

இன்னொண்டையும் பாருங்கோ, முன் துண்டை கியர் பொக்ஸ் வாலில இருந்து இழுக்கேக்க கியர் ஒயில் ஊத்துப்படும். திரும்ப விட்டவையோ எண்டு பக்கவாட்டு போல்ட்டைக் கழட்டி மட்டம் பாருங்கோ. சத்தத்துக்கு அது காரணம் இல்லை, ஆனா ஒயில் இல்லாமல் ஓடினால் அடுத்த முறை உண்மையாவே கியர் பொக்ஸ் எண்டு தான் எழுதுவியள்.

ஸ்காபறோ மல்லாவியான்:

இடையில கதைக்கிறன் குறை நினையாதேங்கோ. பழைய ஸ்பனர் அண்ணை சொன்னதோட ஒண்டு சேக்கிறன், சென்ரர் பெயரிங் பிறக்கற்றைக் கழட்டேக்க அதுக்கும் சேசிக்கும் இடையில வொசர் இருக்கோ எண்டு பார்த்து எடுத்து வையுங்கோ. சில வாகனத்துக்கு கோணம் சரிக்கட்ட கொம்பனியே போட்டிருக்கும். வேலை செய்யிற பொடியள் அதைத் தேவையில்லாத சாமான் எண்டு தகர டின்னுக்க எறிஞ்சுபோட்டுப் போயிடுவாங்கள், இஞ்ச கனடாவிலயும் உது நடக்கிறது தான். பூட்டேக்க போல்ட்டை முதல் தளர விட்டு, வாகனம் தரையில சில்லில நிக்க, பிறக்கற் சாப்டுக்குச் செங்குத்தா நிக்குதோ எண்டு பார்த்துப் பிறகு இறுக்குங்கோ, றப்பர் ஒரு பக்கம் இழுபட்ட படி இறுக்கினால் புதுசும் கிழியும்.

மற்றது நான் ஸ்பனர் அண்ணையோட ஒரு இடத்தில ஒத்துப்போக மாட்டன். ஸ்பிறிங் பிளேட்டைக் கழட்டச் சொல்லி அவர் சொல்லேல்ல, நான் சொல்லுவன். நெல்லு மூட்டை ஏத்திறது வருசத்தில கொஞ்ச நாள், மிச்ச நாள் முழுக்க வெறும் பெட்டியோட அந்தக் கோணத்தில ஓடி ஜொயின்டைத் தின்னுறதிலும் பாக்க ரெண்டு தரமா ஏத்தலாம்.

ஃபோர் வீல் எல்என் 106 வைச்சிருக்கிற ஆக்களுக்கு ஒரு வழி: பின் சாப்டை முழுசாக் கழட்டி வைச்சு, முன் ஹப்பை லொக் பண்ணி, ஃபோர் வீலில போட்டு மெதுவா ஒருக்கா ஓடிப் பாக்கலாம். சத்தம் போனால் பின் சாப்ட் தான். இந்தத் தம்பிக்கு அது சரிவராது.

பழைய ஸ்பனர்:

ரெண்டு தரமா ஏத்த டீசல் ஆர் விடுறது, மல்லாவியான்? கனடாவில இருந்து சொல்லுறது சுகம். பிளேட் இருக்கட்டும், சென்ரர் பெயரிங் கோணத்தைச் சரிக்கட்டினால் காணும். சண்டை நேரம் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில மண்ணெண்ணெயில ஓடின வாகனங்களுக்கு இதிலும் பாக்க மோசமான கோணத்தில எல்லாம் நாங்கள் சாப்ட் பூட்டி விட்டிருக்கிறம். வொசர் கதை சரி, அதை ஏற்றுக்கொள்ளுறன்.

முத்தையன்கட்டான்:

எல்லாருக்கும், வேலை முடிஞ்சுது, விபரமாச் சொல்லுறன் பிறகு தேடி வாற ஆக்களுக்கு உதவும்.

சென்ரர் பெயரிங் றப்பர் கீழ்ப்பக்கம் அரைவாசி வட்டத்துக்குக் கிழிஞ்சு போய், சாப்டைத் தூக்க கையோட வருது. பின் யூ ஜொயின்டில சிவப்புத் தூள், முறுக்கேக்க டிக் டிக் எண்டு ஆட்டம் கையில தெரிஞ்சுது. நடு ஜொயின்ட் ஒரு பக்கம் இறுகிக் கிடந்தது. முன் ஜொயின்ட் நல்லம், ஆனா மூண்டையும் மாத்தினன், திரும்பக் கழட்ட ஏலாது. பிளான்சில வெட்டுக்கோடு ஒண்டு இருந்தது பழசு, கொம்பனியோ ஆரோ போட்டது, ஊத்தையைச் சுரண்டத் தெரிஞ்சுது. நடுப் பிளான்சில ஒரு கோடு மேலயும் மற்றது பக்கவாட்டிலயும் நிண்டுது, 90 பாகை. ஐயா சொன்ன அதே கதை. கியர் பொக்ஸ் ஒயில் மட்டம் கிட்டத்தட்ட ஒரு போத்தல் குறைவு, விட்டாச்சு.

சாமான் வவுனியாவில எடுத்தனான். யூ ஜொயின்ட் ஜப்பான் சாமான் கிடைச்சுது, கிறீஸ் நிப்பிள் உள்ளது எடுக்கச் சொல்லி கடைக்காரர் சொன்னவர், சேத்துக்க ஓடுற ஆக்களுக்கு அது நல்லமாம். சென்ரர் பெயரிங் ரெண்டு விலையில இருந்தது, றப்பரை அமத்திப் பார்த்தாலே வித்தியாசம் தெரியுது, கூடினதை எடுத்தன். பெயரிங் நட்டை லேத் கடையில வைச்சுத் தான் கழட்டினது, வீட்டில சுத்தியலால அடிச்சிருந்தால் மரை போயிருக்கும். வொசர் ஒரு பக்கம் மட்டும் இருந்தது, மற்றப் பக்கம் காணேல்ல, அதே தடிப்பில ஒண்டு வெட்டுவிச்சுப் போட்டன்.

இப்ப 60, 70 எல்லாம் ஓடிப் பார்த்தாச்சு, உறுமல் இல்லை, தட்டு நடுங்கிறேல்ல. வெட்டின நெல்லு ஏத்தி வயலுக்க இருந்து எடுக்கேக்கயும் உதறல் இல்லை. டிபரன்சல் ஒயில் வடிச்சு, புது ஒயில் விட்டுக் கொஞ்சம் ஓடி, அதையும் வடிச்சு, திரும்ப ஜிஎல் 5 தரத்தில 90 நம்பர் கியர் ஒயில் ஓட்டையால வழியுமட்டும் விட்டன். பிறீதர் கழுவி, ஒரு றப்பர் குழாய் போட்டு மேல பெட்டிக்குக் கீழ தூக்கிக் கட்டினன், அக்கா இதையும் நீங்க செய்து பாருங்கோ.

ஆனா அந்த மெல்லிய ஊளை இன்னும் இருக்கு. 60ல காலை எடுத்து உருளேக்க மட்டும். உறுமல் போன பிறகு இப்ப வடிவாக் கேக்குது. பினியன் ஒயில் சீல் பக்கமும் கொஞ்சம் கசிவு. நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நிக்குமோ?

பரந்தன் பொடியன்:

பாத்தியளே, கடைசியில டிபரன்சலிலயும் சத்தம் தானே. நான் சொன்னது முழுக்கப் பிழையில்ல.

நெடுங்கேணி அக்கா:

பொடியன், உன்ர பேச்சைக் கேட்டிருந்தால் தம்பி டிபரன்சலும் மாத்தி, உறுமலும் அப்பிடியே இருந்திருக்கும், நெல்லும் வயலுக்க கிடந்திருக்கும். குழாய் யோசினை நல்லம் தம்பி, நானும் கட்டுறன்.

பழைய ஸ்பனர்:

நட்டில கை வைக்காதேங்கோ தம்பி. உள்ளுக்க ரெண்டு பினியன் பெயரிங்குக்கும் இடையில நசியிற ஸ்பேசர் ஒண்டு இருக்கும், கொம்பனியில அளந்து நசிச்சு விட்டிருப்பாங்கள். சும்மா கால் சுத்து இறுக்கினால் அது இன்னும் நசியும், பெயரிங் இறுகும், சூடேறும், பேந்து தளர்த்தினாலும் பழைய நிலைக்கு வராது. கன டிபரன்சல் வருத்தத்தால சாகிறேல்ல, உந்த நட்டை இறுக்கித் தான் சாகுது.

பின் பிளான்சைப் பிடிச்சு முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துத் தள்ளிப் பாருங்கோ, சுத்திப் பாக்கிறது இல்லை, உள்ளுக்கு வெளியால. கையுக்கு ஆட்டம் தெரிஞ்சால் பெயரிங் போயிட்டுது, வெட்டு முடிய டிபரன்சலை இறக்கி பெயரிங், சீல், புது ஸ்பேசர் போட்டு கிறவுண் வீல் பல்லு அடையாளம் பார்த்துச் செய்விக்கோணும், அதுக்கு எல்லாரும் சரிவர மாட்டினம், நுணுக்கமான ஆட்டத்தை அளக்கிற டயல் கேச் வைச்சிருக்கிற ஆளாப் பார்த்துக் குடுங்கோ. ஆட்டம் ஒண்டும் இல்லை எண்டால் தண்ணி பட்டதால பெயரிங் முகம் கொஞ்சம் அரிச்சிருக்கு, அது ஊதும், ஊதட்டும். பிளான்ச் பக்கம் ஓடி வந்து கை வைக்க ஏலாத சூடு வருதோ, ஒயில் மட்டம் இறங்குதோ எண்டு மட்டும் பாருங்கோ. ஊளை இழுவையிலயும் வரத் துவங்கினால் அப்ப எழுதுங்கோ.

புது யூ ஜொயின்டுக்கு கிறீஸ் அடிச்சனீங்களோ? கடையில இருந்து வரேக்க உள்ள இருக்கிறது காணாது, நாலு மூடியாலயும் புதுக் கிறீஸ் எட்டிப் பாக்குமட்டும் அடியுங்கோ.